நீண்ட தூர விமானத்தில் எந்த சீட்டைப் பிடிப்பது?

பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "ஜன்னலா, ஐலா (நடைபாதை ஓரமா)?" என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, ஏறப் போவது எந்த விமானம், அதில் எக்கானமி சீட்டுகளை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பது. நடைபாதையை ஒட்டிய 'சி' சீட் ஒரு விமானத்தில் நிம்மதியாக இருக்கும். வேறொரு விமானத்தில் அதே 'சி' சீட்டில் உட்கார்ந்தால் ராத்திரி முழுக்க இரண்டு பேருக்கு எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். முதல் முறை போகிறவர்களையும், அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பி வைக்கும் பிள்ளைகளையும் மனதில் வைத்து, செய்ய வேண்டியதை வரிசைப்படி சொல்கிறோம்.

முதலில் விமானம் எது என்று பாருங்கள்

இ-டிக்கெட்டிலோ விமான நிறுவனத்தின் ஆப்பிலோ விமான வகை இருக்கும். பெயராக இல்லாமல் குறியீடாக இருந்தால் இப்படிப் படியுங்கள்: 77டபிள்யூ என்றால் போயிங் 777-300ஈஆர், 789 என்றால் போயிங் 787-9, 388 என்றால் ஏர்பஸ் ஏ380, 359 என்றால் ஏ350-900, 333 என்றால் ஏ330-300.

வகை தெரிந்தால் வரிசை அமைப்பு ஓரளவு பிடிபட்டுவிடும். ஏ330-இல் வழக்கமாக 2-4-2, அதாவது இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு சீட், இரண்டு நடைபாதைகளுக்கு நடுவில் நான்கு. 787-லும் ஏ350-லும் 3-3-3. ஏ380-இன் கீழ்த்தளத்தில் 3-4-3. 777-இல்தான் கவனம் வேண்டும். ஒரே உடலுக்குள் சில நிறுவனங்கள் 3-3-3 போடுகின்றன, பல நிறுவனங்கள் 3-4-3 போடுகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதல் வகை, எமிரேட்ஸ் இரண்டாம் வகை. வரிசைக்கு ஒரு சீட் கூடும்போது ஒவ்வொரு சீட்டும் ஒடுங்குகிறது. வரிசைக்குப் பத்து பேர் உட்காரும் 777-இல் சீட் அகலம் சுமார் 17 அங்குலம். ஏ350-லும் ஏ380-லும் சுமார் 18 அங்குலம். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். அகன்ற தோள் உள்ள இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் பதினாலு மணி நேரம் உட்காரும்போது அந்த ஒரு அங்குலத்துக்காகத்தான் முழங்கை இடிபடுகிறது. ஜப்பான் ஏர்லைன்ஸ் 787-இல் மற்றவர்களைப்போல் ஒன்பது பேரை அடைக்காமல் 2-4-2 வைத்திருக்கிறது. அந்த வழியில் போகிறவர்களுக்கு அது பெரிய லாபம்.

இரண்டு நிறுவனங்கள் ஒரே விலையில், ஒத்த நேரத்தில் பறந்தால் விமானத்தைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். 787-லும் ஏ350-லும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். மற்ற விமானங்களில் 8,000 அடி வரை போகும். இறங்கும்போது உடம்பு அவ்வளவு அசந்து போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்ததாகச் சீட் வரைபடம். நிறுவனத்தின் தளத்தில் வரும் படம் வெறும் கட்டங்கள்தான். எந்த வரிசைக்கு ஜன்னல் இருக்கிறது, எங்கே இடைவெளி அதிகம் என்பதெல்லாம் அதில் தெரியாது. ஏரோலோபா என்ற தளத்தில் பல நிறுவனங்களின் விமானங்களுக்கு அளவு மாறாத வரைபடம் இருக்கிறது. ஜன்னல், கழிவறை, கதவு எல்லாம் உள்ளபடியே வரைந்திருப்பார்கள். ஒரு பக்கம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, மறுபக்கம் சீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நிறுவனம் ஒரே வகை விமானத்தை இரண்டு மூன்று அமைப்பில் வைத்திருக்கலாம். மொத்த வரிசை எண்களும் கழிவறை இருக்கும் இடமும் உங்கள் புக்கிங்கில் தெரியும் படத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டுகளுக்கு இடமிருந்து வலமாக ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைப்பார்கள். அவற்றில் 'ஐ' வராது. ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் விட்டுவிடுவார்கள். எனவே 3-4-3 அமைப்பு பெரும்பாலும் ஏ-பி-சி, டி-ஈ-எஃப்-ஜி, ஹெச்-ஜே-கே என்று போகும். சில நிறுவனங்களில் வரிசை எண்களும் விட்டுப்போயிருக்கும். லுஃப்தான்ஸாவில் 13-ஆம் வரிசையும் கிடையாது, 17-ஆம் வரிசையும் கிடையாது.

உங்களைத் தாண்டிப் போகப் போகிறவர்கள் எத்தனை பேர்?

ஐல் சீட் வேண்டும் என்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும். 3-4-3 விமானத்தில் ஓரத்து மூன்றில் ஐல் 'சி'. பி-யும் ஏ-யும் கழிவறைக்குப் போக உங்களைத்தான் தாண்ட வேண்டும். நடுநான்கில் 'டி' பிடித்தால் உங்களைத் தாண்டுவது 'ஈ' ஒருவர் மட்டுமே. 'எஃப்' மறுபக்கமாக 'ஜி' வழியாகப் போய்விடுவார். 3-3-3 விமானத்தின் நடுமூன்று இன்னும் நல்லது. அங்கே நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு, பாதி நேரம் அவர் உங்களைத் தொந்தரவு செய்யவே மாட்டார். தனியாகப் பறந்து, அடிக்கடி எழுந்து நடக்க வேண்டியவருக்கு 787, ஏ350 விமானங்களில் நாங்கள் முதலில் சொல்வது நடுத்தொகுதியின் ஐல் சீட்தான்.

தம்பதிக்கு ஏ330 அருமையான விமானம். ஓரத்து இரண்டு சீட்டில் மூன்றாவது ஆளே கிடையாது. கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஏ330-இல் போகிறவர்கள் இந்த ஜோடி சீட்டுகளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். சீக்கிரம் போய்விடும்.

3-4-3 உள்ள 777-லும் இப்படி ஜோடி சீட்டுகள் ஒளிந்திருக்கின்றன. வால் பக்கம் உடல் குறுகுவதால், கடைசி இரண்டு மூன்று வரிசைகளில் ஓரத்து மூன்று இரண்டாகிவிடும். சுவருக்கும் சீட்டுக்கும் நடுவில் கையடக்கப் பை வைக்கும் அளவுக்கு இடம் கிடைக்கும். வால் பகுதி ஆடும், சாப்பாடு கடைசியில் வரும் என்ற இரண்டையும் பொறுத்துக்கொள்ள முடிந்தால் இருவராகப் போகிறவர்களுக்கு இது நல்ல பேரம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேராகப் பறக்கும் ஏ350-யிலும் இதே காரணத்தால்தான் பிரீமியம் எக்கானமியின் (எக்கானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட வகுப்பு) கடைசி வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றைச் சீட்டுகள் இருக்கின்றன. அந்த விமானத்தில் எக்கானமி வகுப்பே இல்லை.

இருவராகப் போகும்போது மூன்று சீட் தொகுதியில் ஏ-யையும் சி-யையும் எடுத்து, நடு 'பி'யை விட்டுவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. விமானம் நிறையாவிட்டால் நடு சீட்டை யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். பின்பாதியில் இது சில சமயம் பலிக்கும். விடுமுறைக் காலத்தில் எதிர்பார்க்காதீர்கள். நடுவில் யாராவது வந்துவிட்டால் அவருக்கு ஜன்னலையோ ஐலையோ கொடுத்துவிட்டு நீங்கள் சேர்ந்து உட்காரலாம், மறுப்பவர் அரிது.

உடம்பு கேட்பதைக் கேளுங்கள்

தூக்கம்தான் முக்கியம் என்றால் ஜன்னல். யாரும் எழுப்ப மாட்டார்கள், தலை சாய்க்கச் சுவர் இருக்கிறது. வலப்பக்கம் சாய்ந்து தூங்குகிறவர் வலப்பக்க ஜன்னலையும், இடப்பக்கம் சாய்கிறவர் 'ஏ'யையும் எடுக்க வேண்டும். பலர் இதை யோசிப்பதே இல்லை. சுவர் வளைவதால் கால் வைக்கும் இடம் சற்றுக் குறையும், சுவரோரம் குளிரும். போர்வையை மடித்துச் சுவர் பக்கம் செருகிக்கொள்ளுங்கள்.

பகலில் பறந்தால் வெயிலையும் கணக்கில் எடுங்கள். லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பகலில் மேற்கு நோக்கிப் போகும்போது சூரியன் தெற்கே, அதாவது இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் நிழல். 787-இல் ஜன்னலுக்கு மூடி கிடையாது. கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் கண்ணாடி கருநீலமாகும், ஆனால் நேர் வெயிலில் சூரிய வட்டம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

சர்க்கரை நோய், சிறுநீர்த் தொந்தரவு, மூட்டு வலி, கர்ப்பம், காலில் ரத்தம் உறைந்த வரலாறு இவற்றில் எது இருந்தாலும் ஐல்தான். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது. ஆரோக்கியமானவருக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து உள்ளவர்களுக்கு ஜன்னல் சீட் நல்லதல்ல என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. காரணம் எளிது. ஜன்னலில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரை எழுப்பத் தயங்கி எழுந்து நடப்பதே இல்லை.

ஆட்டம் பயமாக இருந்தால் இறக்கைக்கு நேர் மேலே உள்ள வரிசைகள். விமானத்தின் எடை மையம் அங்கே இருப்பதால் தூக்கிப்போடுவது குறைவு, வாலில் மிக அதிகம். சத்தம் குறைவாக வேண்டும் என்றால் என்ஜினுக்கு முன்னால், எக்கானமியின் முன்பகுதி. வெளியே வேடிக்கை பார்க்க இறக்கை வரிசை உதவாது, இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த வரிசையில் இருந்தாலும் உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன 777 ஒன்று திடீர்க் காற்றுச் சுழலில் சிக்கியது. ஒருவர் இறந்தார், ஏராளமானோர் காயமடைந்தார்கள்.

வயதானவர்களை அனுப்பும்போது சீட்டோடு சேர்த்து இரண்டு விஷயங்களைப் பதிவு செய்யுங்கள். ஒன்று சக்கர நாற்காலி உதவி. இதற்குக் கட்டணம் இல்லாத நிறுவனங்களே அதிகம். இன்னொன்று சைவச் சாப்பாடு. புக்கிங்கில் 'ஏஷியன் வெஜிடேரியன்' என்று இருக்கும். புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் பதிய வேண்டும், சில நிறுவனங்கள் இன்னும் முன்னதாகக் கேட்கும். சிறப்பு உணவு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடும் என்பதால், பின்வரிசையில் இருந்தாலும் "சைவம் தீர்ந்துவிட்டது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு சின்ன உதவி. ஐல் பக்கத்துக் கைப்பிடி தூக்க முடியாதது போலத் தெரியும். பல விமானங்களில் அதன் அடிப்பக்கம், பின்னால் கீல் இருக்கும் இடத்தருகே விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சின்ன நெம்புகோல் அல்லது பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். முழங்கால் மடக்க முடியாதவர் பக்கவாட்டில் நகர்ந்து எழ இது பெரிய வசதி. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

நல்லதுபோல் தெரியும் சீட்டுகள்

தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசைக்கு முன்னால் யாரும் சாய மாட்டார்கள். அதற்காகவே பலர் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். உட்கார்ந்த பிறகுதான் தெரியும்: சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருக்கும், திரையும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் கைப்பிடி தடித்து சீட் அகலம் குறையும், கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. முன்னால் சீட் இல்லாததால் கைப்பையை ஏறும்போதும் இறங்கும்போதும் மேலே வைக்க வேண்டும். மாத்திரை, தண்ணீர் எதுவும் காலடியில் இருக்காது. நெட்டையானவர்களுக்குச் சுவர் காலை முட்டும். குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அதுவே என்பதால் அழுகைச் சத்தத்துக்கும் தயாராக இருங்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் சீட் வரைபடத்திலேயே கைக்குழந்தை இருக்கும் இடத்தைக் குறித்துக் காட்டுகிறது. மற்ற நிறுவனங்களில் தொட்டில் வரிசையிலிருந்து நான்கைந்து வரிசை தள்ளி எடுப்பதுதான் வழி.

அவசர வழிக் கதவருகே உள்ள வரிசையில் காலை முழுசாக நீட்டலாம். ஆறடிக்கு மேல் உயரமானவருக்கு எக்கானமியில் இதைவிடச் சிறந்த சீட் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தர மாட்டார்கள். கதவைத் திறக்கும் உடல் வலு வேண்டும், பணியாளர் சொல்வது புரிய வேண்டும். கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வருகிறவர், சக்கர நாற்காலி கேட்டவர், நீட்டிப்பு பெல்ட் தேவைப்படுகிறவர் இங்கே உட்கார முடியாது. பணம் கட்டியிருந்தாலும் கவுன்டரில் மாற்றிவிடுவார்கள். கதவை ஒட்டிய ஜன்னல் சீட்டில், அவசர சறுக்கு மடித்து வைத்த பெட்டி புடைத்து நின்று ஒரு காலுக்கான இடத்தை விழுங்கிவிடும். அங்கே ஐலோ நடு சீட்டோ மேல். கதவோரம் குளிர் வீசும், காலுறை எடுத்துப்போங்கள்.

கடைசி வரிசை, கழிவறைச் சுவருக்கு முன் வரிசை, அவசர வழிக்கு நேர் முன் வரிசை இவற்றில் சாய்மானம் பாதியாகவோ இல்லாமலோ இருக்கலாம். வரைபடத்தில் கழிவறை, சமையல் பகுதி இரண்டிலிருந்தும் குறைந்தது மூன்று வரிசை தள்ளி நில்லுங்கள். கதவு இடிக்கும் சத்தம், வெளிச்சம், சீட் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் எல்லாம் அந்த மூன்று வரிசைக்குள்தான். ஜன்னல் இல்லாத ஜன்னல் சீட்டும் உண்டு. குளிர்காற்றுக் குழாய் செல்லும் இடங்களில் வெறும் சுவர்தான் இருக்கும். பழைய விமானங்களில் திரைக்கான மின்பெட்டி முன் சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு பாதத்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நல்ல வரைபடங்களில் இதையும் குறித்திருப்பார்கள்.

இறங்கியதும் அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேரமே இருந்தால் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு முன்பகுதியில் எடுங்கள்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு

தொட்டில் வரிசையைத் தளத்தில் தானாகப் பிடிக்க முடியாத நிறுவனங்கள் பல. டிக்கெட் எடுத்த அன்றே தொலைபேசியில் அழைத்துக் குழந்தையின் வயது, எடை, உயரம் சொல்லிப் பதியுங்கள். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக 11 கிலோவிலிருந்து 14 கிலோ வரை. புறப்படும்போதும் இறங்கும்போதும் தொட்டில் இருக்காது. பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற குழந்தையையும் எடுத்து மடியில் வைக்க வேண்டும்.

நட்போ உறவோ, இரண்டு குடும்பங்கள் மடிக்குழந்தையோடு ஒரே தொகுதியில் உட்கார நினைத்தால் தளம் அனுமதிக்காது. மூன்று சீட்டுக்கு மேலே நான்கு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும் என்பதே காரணம். ஐலுக்கு எதிர்ப்பக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பிள்ளைகள் இருந்தால் எல்லாரையும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) போடுங்கள். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு அதே பி.என்.ஆரில் உள்ள பெற்றோர் ஒருவர் அருகிலாவது சீட் தர வேண்டும் என்று இந்தியாவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தனித்தனி பி.என்.ஆராக இருந்தால் இதைக் காட்டிக் கேட்க முடியாது.

எப்போது எடுப்பது, எதற்குப் பணம் கொடுப்பது

ஏஜென்ட் மூலம் எடுத்தவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது பி.என்.ஆர். ஏஜென்ட் தரும் ஆறெழுத்து எண் விமான நிறுவனத்தின் தளத்தில் வேலை செய்யாமல் போகலாம். நிறுவனத்தின் சொந்த பி.என்.ஆரைக் கேட்டு வாங்குங்கள். டிக்கெட்டை ஒரு நிறுவனம் விற்று, விமானத்தை இன்னொரு நிறுவனம் ஓட்டினால், ஓட்டுகிற நிறுவனத்தின் தளத்தில்தான் சீட்டை எடுக்க வேண்டும்.

மலிவான கட்டணத்தில் சீட் தேர்வுக்குத் தனிப்பணம், அதுவும் ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாக. சென்னையிலிருந்து துபாய் வரை நான்கு மணி நேரம், அங்கிருந்து நியூயார்க் சுமார் பதினாலு மணி நேரம் என்றால், முதல் துண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவதற்குக் கொடுங்கள். எக்கானமியில் முன் சீட்டுக்கும் உங்கள் சீட்டுக்கும் உள்ள தூரம் 31, 32 அங்குலம். பிரீமியம் எக்கானமியில் சுமார் 38. நீண்ட இரவுப் பறப்புக்கு மட்டும் பிரீமியம் எடுத்து, பகல் பறப்பை எக்கானமியில் முடிப்பது பலருக்குக் கட்டுப்படியாகும்.

பணம் கொடுக்க மனமில்லை என்றால் இலவச செக்-இன் திறக்கும் நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 48 மணி நேரத்துக்கு முன் திறக்கின்றன, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 24 மணி நேரத்துக்கு முன். சென்னையில் அது எந்த நேரம் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நல்ல சீட் எல்லாம் அடைபட்டதுபோல் தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள். நிறுவனம் தானே பூட்டி வைத்திருக்கும் சீட்டுகளும் அந்த நிறத்தில்தான் தெரியும். பிடித்ததில் நல்லதை எடுத்துவிட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

எடுத்த சீட் கையை விட்டுப் போவதற்கு முக்கியக் காரணம் விமானம் மாறுவது. 787-க்குப் பதில் 777 வந்தால் கணினி எல்லாரையும் புதிதாக அடுக்கும், பணம் கட்டி எடுத்த ஐல் நடு சீட்டாக மாறியிருக்கும். தகவல் மின்னஞ்சலில் வரும் என்று நம்பியிருக்காமல், மாதம் ஒரு முறையும் கடைசி வாரத்தில் இரண்டு முறையும் புக்கிங்கைத் திறந்து பாருங்கள். நிறுவனமே மாற்றி உங்களுக்கு மட்டமான சீட் தந்திருந்தால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ரசீதை வைத்திருங்கள். நீங்களாகப் பயணத்தை மாற்றினால் பெரும்பாலும் கிடைக்காது.

கவுன்டரிலும் உள்ளேயும்

விமான நிலையத்தில் கவுன்டரில் கேட்பதை வெட்கமாக நினைக்க வேண்டாம். "நல்ல சீட் இருந்தா குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் பலன் இல்லை. "ஐல் வேண்டும், நடுத்தொகுதியாக இருந்தாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பூட்டி வைத்த சீட்டுகள் அப்போதுதான் திறக்கும். அங்கே கிடைக்கவில்லை என்றால் போர்டிங் கேட்டில் இன்னொரு முறை கேளுங்கள். வராதவர்களின் சீட் அந்த நேரத்தில்தான் விடுபடும்.

ஏறி உட்கார்ந்ததும் திரை, விளக்கு, சாய்மானம், சார்ஜர் நான்கையும் சோதியுங்கள். பழுது இருந்தால் கதவு மூடுவதற்கு முன் சொன்னால்தான் இடம் மாற்றித் தர வாய்ப்பு. யாரிடமாவது இடம் மாற்றிக்கொள்ளக் கேட்பதாக இருந்தால் அவருடைய சீட்டுக்குச் சமமானதையோ மேலானதையோ கொடுத்துக் கேளுங்கள். ஐலில் இருப்பவரை நடு சீட்டுக்கு வரச்சொல்வது நியாயமில்லை. காலி வரிசை கண்ணில் பட்டால், பெல்ட் விளக்கு அணைந்த பிறகு பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நகருங்கள். கூடுதல் கால் இடமுள்ள சீட்டுகள் காலியாக இருந்தாலும் பணம் கட்டாதவருக்குத் தர மாட்டார்கள். மற்ற வரிசைகளுக்கு அநேகமாகத் தலையசைத்துவிடுவார்கள். நகரும்போது கைப்பை, பாஸ்போர்ட், கண்ணாடி மூன்றையும் கையோடு எடுத்துப்போங்கள். சிறப்பு உணவு பழைய சீட் எண்ணுக்குத்தான் வரும் என்பதால் மாறிய இடத்தைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.